மொக்கை வேற, கேம்ப் வேற!

மக்களே, 'கேம்ப்'னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? என்.எஸ்.எஸ். கேம்ப், ரத்ததான கேம்ப். நான் இருக்கிறது கோரிமேடு. ஒரு பக்கம் ஜிப்மர், இன்னொரு பக்கம் போலீஸ் மைதானம். எங்க ஏரியாவில் கேம்ப் என்றால் ஒண்ணு மருத்துவ முகாம், இல்லைன்னா போலீஸ் சமாச்சாரம்.

இந்தக் கட்டுரையில் வரப்போகிற கேம்ப் வேற. ஆங்கிலத்தில் சினிமா, சீரிஸ் பத்தி படிக்கிறவங்க இந்தச் சொல்லை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. "படம் செம கேம்ப்பி" என்று யாராவது எழுதியிருப்பாங்க. அகராதியைத் திறந்தா 'மிகையான, பகட்டான, செயற்கையான' என்று நாலு வார்த்தை இருக்கும். படிச்சா புரிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா புரிஞ்சிருக்காது. ஏன்னா மிகையானது எல்லாம் கேம்ப் இல்லை. மோசமானது எல்லாம் கேம்ப் இல்லை. சிரிப்பு வர வைப்பது எல்லாமும் கேம்ப் இல்லை.

அப்போ எதுதான் கேம்ப்? இது வெறும் சினிமா அரட்டை இல்லைங்க. யாரைப் பார்த்து நாம சிரிக்கிறோம், ஏன் சிரிக்கிறோம் என்ற கேள்வி இதுக்குள்ள இருக்கு. அங்கே கடைசியில் வருவோம். முதலில் நமக்குத் தெரிஞ்ச இடத்தில் இருந்து ஆரம்பிப்போம்.

ஒரு ஆம்ப்ளிஃபையர் உதாரணம்

ஈசிஇ மக்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. மத்த டிபார்ட்மென்ட் நண்பர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க.

ஒரு ஆப்-ஆம்ப்புக்கு ப்ளஸ் மைனஸ் 15 வோல்ட் சப்ளை கொடுத்திருக்கீங்க. உள்ளே ஒரு அழகான சைன் வேவ் போகுது. கெயினை ஏத்துறீங்க, வெளியே வர்ற வேவும் பெருசாகுது. இன்னும் ஏத்துறீங்க. ஒரு கட்டத்துக்கு மேல அது வளர முடியாது. சப்ளை 15 வோல்ட் என்றால் 20 வோல்ட் வெளியே வராது. என்ன ஆகும்? வேவின் தலை, பாதம் ரெண்டும் வெட்டுப்பட்டு தட்டையாகும். இதுதான் கிளிப்பிங். லேபில் இது வந்தா, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து கிடைக்காது.

இப்போ ஒரு படத்தை அப்படிப் பாருங்க. உள்ளே போகிற சிக்னல், எடுக்கிறவரின் ஆசை. கெயின் என்பது அந்த ஆசையை எவ்வளவு தூரம் இழுக்கிறார் என்பது. சப்ளை என்பது கையில் இருக்கிற பணம், தொழில்நுட்பம், நடிப்பு, நேரம். ஆசை சப்ளையைத் தாண்டும்போது கிளிப்பிங் நடக்கும். நினைச்ச வடிவம் வராம, வெட்டுப்பட்ட வேற ஒரு வடிவம் வரும். அந்த வெட்டுப்பட்ட வடிவத்தை 'தப்பு' என்று தூக்கிப் போடாம, "அட, இது தனி அழகா இருக்கே" என்று நாம ரசிக்க ஆரம்பிச்சா, அதுதான் கேம்ப்.

எலெக்ட்ரிக் கிட்டார்காரங்களும் இதைத்தான் செஞ்சாங்க. ஆம்ப்ளிஃபையர் திணறும்போது வந்த கரகர சத்தம் முதலில் கோளாறு. அப்புறம் அதுவே ராக் இசையின் குரல் ஆயிடுச்சு. பிறகு அந்தக் கோளாறை வேணும்னே உண்டாக்க டிஸ்டார்ஷன் பெடல் செஞ்சு விற்றாங்க. இந்த ரெண்டு கட்டத்தையும் ஞாபகம் வச்சுக்குங்க: தானா வந்த கிளிப்பிங், பெடல் போட்டு வரவழைச்ச கிளிப்பிங். கேம்ப்பிலும் இதே ரெண்டு வகைதான்.

இதில் இருந்தே முதல் வித்தியாசம் தெளிவாகும். மொக்கைப் படம் என்பது கெயினே இல்லாத படம். ஆசையும் சின்னது, முயற்சியும் சின்னது, வெளியே வர்றதும் சின்னது. தூக்கம்தான் வரும். கேம்ப் படத்தில் யாராவது ஒருத்தர் உயிரைக் கொடுத்து முயற்சி பண்ணியிருப்பார். அலட்சியத்தில் கேம்ப் பிறக்கவே பிறக்காது.

சொல் எங்கிருந்து வந்தது?

பாண்டிச்சேரிக்காரங்களுக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கு. 1909-ல் லண்டனில் வெளியான ஒரு கொச்சைச்சொல் அகராதியில் இந்தச் சொல் இருக்கு. மிகையாக அழுத்திச் செய்கிற அங்க அசைவுகள் என்று பொருள் கொடுத்து, பிரெஞ்சிலிருந்து வந்திருக்கலாம் என்றும் குறிப்பு போட்டிருக்காங்க. பிரெஞ்சில் 'ஸ காம்பே' என்றால் தன்னை ஓர் இடத்தில் ஊன்றி நிறுத்திக்கொண்டு நிற்பது, அதாவது நம்ம பாஷையில் 'போஸ் கொடுப்பது'. அங்கிருந்துதான் இந்தச் சொல் கிளம்பியது என்பது பலர் சொல்கிற ஊகம்.

இந்தச் சொல்லை வளர்த்தவங்க யார் என்பது முக்கியம். இங்கிலாந்தில் ஓரினச்சேர்க்கை 1967 வரை சட்டப்படி குற்றம். அந்தக் காலத்தில் அங்கே நாடகக்காரர்கள், கப்பல்காரர்கள், ஓரின ஈர்ப்பாளர்கள் நடுவில் போலாரி என்று ஒரு ரகசியக் கொச்சை புழங்கியது. கேம்ப் அதில் ஒரு சொல். வெளியே சொன்னா ஜெயில் என்ற நிலையில் இருந்தவங்க, தங்களுக்குள்ள அடையாளம் கண்டுக்கவும், உலகத்தின் விறைப்பான 'ஆம்பளைத்தனம்', 'பொம்பளைத்தனம்' ரெண்டுமே ஒரு வேஷம்தானே என்று சிரிச்சுக்கவும் இதைப் பயன்படுத்தினாங்க. நம்ம நாட்டில் 377-ஆவது பிரிவின் பிடி விலகியது 2018 செப்டம்பர் 6-ல்தான். அதனால் இது ரொம்பப் பழைய கதை என்று நினைச்சுக்க வேண்டாம்.

இந்த ரசனையைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக். 1964-ல் 'பார்டிசன் ரிவ்யூ' பத்திரிகையில் கேம்ப் பத்தி எண் போட்டு 58 குறிப்புகள் எழுதினார். அப்போ அவருக்கு வயசு 31. டிஃபனி விளக்குகளில் இருந்து கிங் காங் படம் வரைக்கும் உதாரணம் அடுக்கினார். அவர் சொன்னதில் மூணு விஷயம் நமக்குப் போதும்.

ஒண்ணு, சுத்தமான கேம்ப் தான் கேம்ப் என்று அறியாது. அது ரொம்ப சீரியஸா இருக்கும், அந்த சீரியஸ் நினைச்ச இடத்தில் போய்ச் சேராது. ரெண்டு, காலம் இதுக்கு உதவும். நேத்து எரிச்சலா இருந்தது முப்பது வருஷம் கழிச்சு இனிக்கும். மூணு, கேம்ப் ரசனையின் அடியில் இருப்பது அன்பு. தோற்றுப்போன முயற்சியை அது தீர்ப்பு சொல்லித் தள்ளாது, ரசிக்கும். இந்த மூணாவதை அடிக்கோடு போட்டு வையுங்க.

நம்ம ஊர் கிளிப்பிங்

1963-ல் 'கலை அரசி' என்று ஒரு படம் வந்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி நடிச்சது, இயக்கம் ஏ. காசிலிங்கம். கதை என்ன தெரியுமா? வேற்றுக்கிரகத்தில் விஞ்ஞானம் எல்லாம் இருக்கு, ஆனா கலை இல்லை. அதனால் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆள் தேடி பூமிக்கு வந்து, பானுமதியைத் தூக்கிட்டுப் போறாங்க. எம்.ஜி.ஆர். அங்கேயே போய் மீட்கிறார். யோசிச்சுப் பாருங்க, அதே 1963 நவம்பரில்தான் தும்பாவிலிருந்து நம்ம முதல் ராக்கெட் கிளம்புது. ராக்கெட் பாகங்களை சைக்கிளில் வச்சுத் தள்ளிட்டுப் போன காலம். மனிதன் நிலாவில் கால் வைக்க இன்னும் ஆறு வருஷம். அப்போ ஒரு கோடம்பாக்கம் செட்டுக்குள்ள வேற்றுக்கிரகத்தையே கட்டி நிறுத்தணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டிருக்கார். தும்பாவில் ஆசை பெருசு, சப்ளை சின்னது, ஆனா ராக்கெட் பறந்துடுச்சு. அதனால் அது கேம்ப் இல்லை, வரலாறு. 'கலை அரசி'யின் பறக்கும் தட்டும் பறந்துச்சு. ஆனா எப்படிப் பறந்துச்சு என்பதில்தான் நம்ம புன்னகை இருக்கு.

அடுத்து விட்டலாச்சார்யா. கன்னடக்காரர், தெலுங்கில் மாயாஜாலப் படங்களை எடுத்துக் குவிச்சவர். 1978-ல் வந்த 'ஜகன்மோகினி' தமிழிலும் டப்பிங் ஆகி ஊர் ஊரா ஓடுச்சு. அதில் பேய் சமைக்கும். விறகுக்குப் பதிலா தன் காலையே அடுப்பில் வைக்கும். உங்க அப்பா, அம்மாகிட்ட "விட்டலாச்சார்யா படம்" என்று சொல்லிப் பாருங்க, அந்தக் காலைப் பத்தித்தான் முதலில் பேசுவாங்க. அவருடைய சப்ளை ரொம்ப சின்னது: இரட்டைப் பதிவு, கறுப்புத் துணி, புகை, ஜிகினா. அதை வச்சு ஒரு பேயுலகத்தையே காட்டிட்டார். எப்படி செஞ்சிருக்காங்க என்று நமக்குத் தெரியுது. தெரிஞ்சும் கண்ணை எடுக்க முடியலை.

மூணாவது உதாரணம் பணம் இருந்தும் கிளிப் ஆன படம். 1986-ல் வந்த 'விக்ரம்'. கமல்ஹாசன், இயக்கம் ராஜசேகர், கதை சுஜாதா. அக்னிபுத்ரா என்ற ஏவுகணை திருடு போகுது. வில்லன் சத்யராஜ். அதைத் தேடி சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போறாங்க. அங்கே ராஜா அம்ஜத் கான், இளவரசி டிம்பிள் கபாடியா, மொழிபெயர்க்க ஜனகராஜ். முதல் பாதியில் ஏவுகணை, கம்ப்யூட்டர். ரெண்டாம் பாதியில் அரண்மனை, ராஜா உடை, மகாராணி நகை. ஒரே படத்தில் ஜேம்ஸ் பாண்டும் வேணும், அம்புலிமாமாவும் வேணும் என்ற பேராசை. இதே பெயரில் 2022-ல் லோகேஷ் கனகராஜ் எடுத்த படம் கச்சிதமா இருக்கும், ஒரு இடத்திலும் கிளிப் ஆகாது. ஆனா சலாமியா மேல எனக்கு இருக்கிற பாசம் அந்தக் கச்சிதத்து மேல வரலை. கச்சிதத்தைப் பார்த்து மரியாதை வரும். கேம்ப்பைப் பார்த்தா பாசம் வரும்.

நாலாவது, சொல்லாம விட முடியாது: 'நரசிம்மா', 2001. கேப்டனுக்குக் கரண்ட் பாய்ச்சறாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலை, கரண்ட்டுக்குத்தான் என்னவோ ஆகுது. நாம படிச்ச எந்த சர்க்யூட் தியரமும் இதுக்கு விடை சொல்லாது. ஆனா விஜயகாந்த் முகத்தைப் பாருங்க. ஒரு துளி கிண்டல் இருக்காது. 'இது நடக்கும், நடக்கணும்' என்று நம்புகிற முகம் அது. அவர் அங்கே ஒரு தடவை கண் சிமிட்டியிருந்தா அந்தக் காட்சி செத்திருக்கும், இருபது வருஷம் மீமா வாழ்ந்திருக்காது.

2023 டிசம்பர் 28-ல் அவர் இறந்தப்போ நடந்ததைக் கவனிச்சீங்களா? என் காண்டாக்ட் லிஸ்ட்டில் வருஷக்கணக்கா கேப்டன் மீம் போட்ட பசங்களே அன்னைக்கு முழுக்க அழுதுகிட்டே ஸ்டேட்டஸ் வச்சாங்க. அது நடிப்பு இல்லை. அவங்க சிரிப்புக்கு அடியில் அன்பு இத்தனை நாளா இருந்திருக்கு. சொன்டாக்கின் மூணாவது விஷயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

பெடல் போட்டு வரவழைச்சது

இது ரெண்டாவது வகை. எடுக்கிறவருக்கே தெரியும், வேணும்னே கெயினை ஏத்துவார்.

உலக உதாரணம் 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பிச்ச 'பேட்மேன்' தொடர். ஆடம் வெஸ்ட் பேட்மேன். குத்து விழும்போது திரையில் 'டமால்' பாணியில் எழுத்து வெடிக்கும். வில்லன் இருக்கும் இடம் என்றால் கேமராவே சாய்ஞ்சு நிற்கும். ஆனா ஆடம் வெஸ்ட் மட்டும் பார்லிமென்ட்டில் பட்ஜெட் வாசிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுவார். சின்னப் பசங்க அதை நிஜமான சாகசமா பார்த்தாங்க, பெரியவங்க அதே காட்சிக்கு விழுந்து சிரிச்சாங்க. ரெண்டு பேரும் ஒரே சோபாவில்.

நம்ம பக்கம் 'எந்திரன்' (2010) எடுத்துக்குங்க. ரோபோ சிட்டி கெட்டவனா மாறின பிறகு ரஜினி ஆட்டைப் போல 'மே' என்று கத்துவாரே, அந்த இடம். அங்கே அவருக்குத் தெரியும் தான் ஓவரா பண்றோம் என்று. அந்த ஓவரில் அவருக்கே ஒரு குஷி. அந்தக் குஷிதான் நமக்குத் தொத்திக்குது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கணும். 'தமிழ்ப்படம்' (2010) கேம்ப்பா? இல்லை. அது பகடி. பகடி ஒரு பாணிக்கு வெளியே நின்னு அதைக் கை காட்டிச் சிரிக்கும். கேம்ப் அந்தப் பாணிக்கு உள்ளேயே நின்னு, அதையே உடுத்திக்கிட்டு ஆடும். 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' (2006) ரெண்டுக்கும் நடுவில் நிற்கிற படம். பழைய ராஜா படங்களைக் கிண்டல் பண்ணுது, ஆனா வடிவேலு அந்த கிரீடத்தையும் மீசையையும் எவ்வளவு ஆசையா சுமக்கிறார் பாருங்க! கிண்டல் மட்டும் பண்ண வந்தவர் அப்படிச் சுமக்க மாட்டார்.

பெடல் வகையில் ஒரு ஆபத்து இருக்கு. "நாங்க வேணும்னேதான் மோசமா எடுத்தோம், ஜாலியா பாருங்க" என்று ஒரு படம் கெஞ்ச ஆரம்பிச்சா, அது கேம்ப் இல்லை, சோம்பேறித்தனம். பெடலை அழுத்தினாலும் கிட்டார் வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும்.

சீரியல் ஏன் அப்படி இருக்கு?

மாமியார் "என்னது?" என்கிறார். கேமரா அவர் முகத்துக்கு மூணு தடவை பாயுது. இடி, மின்னல் சத்தம். அப்புறம் ஹாலில் நிற்கிற ஒம்பது பேர் முகமும் வரிசையா வருது, ஒவ்வொண்ணுக்கும் தனி இடி. எபிசோட் முடிஞ்சது.

இதை முட்டாள்தனம் என்று சொல்றது சுலபம். கொஞ்சம் இன்ஜினியர் மாதிரி யோசிங்க, இது ஒரு கணக்கு. வாரத்தில் ஐந்து, ஆறு நாள், தினமும் ஒரு எபிசோட் தயாராகணும். புது இடம், புது சண்டை எல்லாம் செலவு. முகம் செலவில்லை, அது ஏற்கெனவே செட்டில் நின்னுக்கிட்டு இருக்கு. ரெண்டாவது, பார்க்கிறவங்க பாதிப் பேர் திரையைப் பார்க்கிறதே இல்லை. வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருப்பாங்க, தோசைக் கல்லில் கண் இருக்கும். 'இப்போ திரும்பிப் பாரு' என்று சொல்லத்தான் அந்த இடி. அதாவது சப்ளை சின்னதா இருக்கிறதால கெயின் முழுக்க சத்தத்துக்கும் முகத்துக்கும் போகுது. அங்கே கிளிப் ஆகுது. 2017-ல் சன் டிவியில் வந்த 'நந்தினி' இதோட பாம்பு, பேய், கிராஃபிக்ஸ் எல்லாத்தையும் சேர்த்தப்போ கெயின் இன்னும் ஏறுச்சு.

எதிர் உதாரணமும் சொல்றேன். 90-களில் நாகா இயக்கத்தில் இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் வந்த 'மர்மதேசம்'. அதுவும் டிவி பட்ஜெட்தான், அதிலும் சாமி, மர்மம் எல்லாம் உண்டு. ஆனா கேம்ப் இல்லை. ஏன்? முழுசா காட்ட முடியாததை அவங்க காட்டலை. இருட்டு, குதிரைச் சத்தம், ஒரு நிழல். ஆசையை சப்ளைக்குள்ள மடிச்சு வச்சாங்க. 'விடாது கருப்பு' பார்த்தவங்க இன்னைக்கும் பயந்த கதையைத்தான் சொல்றாங்க, சிரிச்ச கதையை இல்லை. ஆக பட்ஜெட் குறைவு என்பதால் மட்டும் ஒண்ணு கேம்ப் ஆயிடாது.

இங்கே நம்ம கோட்பாடு கொஞ்சம் இடிக்குது

இதுவரைக்கும் எல்லாம் சரியா போச்சு. ஆனா இந்தக் கோட்பாட்டை அப்படியே தூக்கிக்கிட்டு கோரிமேட்டுக்கு வந்தா, ரெண்டு இடத்தில் இடிக்கும்.

முதல் இடம் எங்க வீட்டு ஹால். ஆடி மாசம் வெள்ளிக்கிழமை வந்தா டிவியில் அம்மன் படம். 'பாளையத்து அம்மன்', 'ராஜகாளி அம்மன்', அப்புறம் தெலுங்கிலிருந்து டப்பிங் ஆன 'அம்மன்'. கிளைமாக்ஸில் ரம்யா கிருஷ்ணன் கண்ணை உருட்டி நிற்கும்போது என் பாட்டி கை கூப்புவாங்க. என் தங்கச்சி கிராஃபிக்ஸைப் பார்த்துச் சிரிப்பா. படம் ஒண்ணுதான், டிவி ஒண்ணுதான். பாட்டிக்கு அது கேம்ப்பே இல்லை. அவங்களுக்கு அந்த சிக்னல் கிளிப் ஆகாமதான் போய்ச் சேருது. அப்படின்னா கேம்ப் படத்தில் மட்டும் இல்லை, பார்க்கிறவங்க கண்ணிலும் பாதி இருக்கு. சப்ளை என்று சொன்னேனே, அதில் பார்வையாளரின் நம்பிக்கையும் ஒரு பங்கு.

ரெண்டாவது இடம் கூத்து. கோரிமேடு எல்லையைத் தாண்டி திண்டிவனம் ரோட்டில் போனா பட்டானூர், கிளியனூர் என்று விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள். இந்த வட்டாரம் தெருக்கூத்து மண். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்க பாரதக் கூத்து நடக்கும். கட்டை கிரீடம், புஜக்கீர்த்தி, அதில் கண்ணாடித் துண்டு, ஜிகினா. முகம் முழுக்க அரிதாரம். ஆண்களே பெண் வேஷம் கட்டுவாங்க. துரியோதனன் திரைக்குப் பின்னால இருந்து குரலை உச்சத்துக்கு ஏத்திக்கிட்டு, சுத்திச் சுத்தி ஆடி வருவான். சொன்டாக் குறிப்புகளைக் கையில் வச்சுக்கிட்டுப் போனா எல்லாத்துக்கும் டிக் போடலாம். ஆனா அது கேம்ப் இல்லை. அங்கே 'ஓவர்' என்பது தவறு இல்லை, இலக்கணம். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கணும், விளக்கு வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் முகம் தெரியணும். ராஜா என்றால் நம்மைவிடப் பெரிய உருவமா தெரியணும். ஆடுறவருக்கும் பார்க்கிறவருக்கும் அதில் ஒப்பந்தம் இருக்கு.

நம்ம சினிமாவின் உரத்த குரலும் இந்த மேடைகளில் இருந்து வந்ததுதான். லாஸ்பேட்டை பக்கம் கருவடிக்குப்பத்தில் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கு. 1922-ல் நம்ம ஊரில்தான் காலமானார். எமன், சனீஸ்வரன் வேஷத்தில் அவரைப் பார்த்தவங்க நிஜமாவே நடுங்கினாங்க என்றும், அதனாலேயே வேஷம் கட்டுவதை விட்டார் என்றும் சொல்வாங்க. சிறுவர்களை வச்சு அவர் நடத்திய மாதிரியான பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவங்கதான் எம்.ஜி.ஆரும் சிவாஜியும். பழைய படத்தில் சிவாஜி 'ஓவரா' நடிக்கிறார் என்று நாம சொல்றது, கடைசி வரிசைக்குக் கேட்கணும் என்று பழகின தொண்டையை ஹெட்போன் போட்டுக்கிட்டுக் கேட்டுட்டுச் சொல்றது.

அதனால் மேற்கத்திய அளவுகோலை வச்சுக்கிட்டு நம்ம ஆட்களை எல்லாம் 'கேம்ப்' என்று முத்திரை குத்தும்போது கொஞ்சம் நிதானம் தேவை. 'மிகை' எங்கே ஆரம்பிக்குது என்பதை முடிவு பண்ற கோடு ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும்.

சிரிப்பு யார் மேல?

இப்போ ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு வந்துட்டோம்.

2007-ல் 'யாருக்கு யாரோ' என்று ஒரு படம் வந்தது. சாம் ஆண்டர்சன் கதாநாயகன். தியேட்டரில் பார்த்தவங்களைவிட யூடியூபில் அந்தப் பாட்டைப் பார்த்தவங்கதான் அதிகம். கீழே கமெண்டுகளைப் படிச்சுப் பாருங்க. ஒரு பகுதி, பாசத்தோட கலாய்க்கிறது. இன்னொரு பகுதி, 'இந்த மூஞ்சிக்கு ஹீரோ ஆசையா?' வகை. ரெண்டும் சிரிப்புதான், ஆனா ஒண்ணே இல்லை. முதல் சிரிப்பு அந்த ஆசையை ரசிக்குது. ரெண்டாவது, ஆசைப்பட உனக்குத் தகுதி இல்லை என்று சொல்லுது.

டிக்டாக் 2020 ஜூனில் தடை ஆகிற வரைக்கும் நடந்ததும் இதுதான். கிராமத்தில் வயல் வரப்பில் ஆடினவங்களை எல்லாம் 'கிரிஞ்ச்' என்று தொகுத்து வீடியோ போட்டாங்க. அதே ஸ்டெப்பை நல்ல கேமராவில், நல்ல இங்கிலீஷ் கேப்ஷனோட ஒருத்தர் போட்டா 'வைப்'. மாறினது ஆட்டம் இல்லை. ஆடினவரின் நிறம், வீடு, பேச்சு. அன்பு இல்லாத இடத்தில் கேம்ப் ரசனை ரொம்பச் சுலபமா சாதித் திமிராவும் வர்க்கத் திமிராவும் மாறிடும். மறைஞ்சு வாழ்ந்தவங்க தங்களைக் காப்பாத்திக்க உருவாக்கின ஒரு சிரிப்பு, எளியவங்களை அடிக்கிற கட்டையா மாறுவது எவ்வளவு கேவலம்!

இதுக்கு மாற்று மருந்து நம்ம கூத்திலேயே இருக்கு. அவர் பெயர் கட்டியக்காரன். ராஜா வருவதைக் கட்டியம் கூறி அறிவிப்பது அவர் வேலை. அறிவிச்ச கையோட அதே ராஜாவைக் கலாய்ப்பதும் அவர் வேலை. துரியோதனன் உச்சத்தில் கர்ஜிக்கும்போது பக்கத்தில் நின்னு ஒரு நக்கல் விடுவார், கூட்டம் சிரிக்கும். அடுத்த நொடி துரியோதனன் ஆட்டத்தைத் தொடர்வார், கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும். விடியும்போது அதே கூட்டம் சாமி கும்பிடும். சிரிப்பும் பக்தியும் ஒரே ராத்திரியில், ஒரே ஆளிடம்.

நமக்குக் கேம்ப் என்று தனிச் சொல் இல்லாமல் போனதுக்கு இதுதான் காரணமோ என்று எனக்குத் தோணும். கிண்டல் பண்றவரை நாம மேடையிலேயே ஏத்தி வச்சிருந்தோம். கட்டியக்காரனும் அரிதாரம் பூசியிருக்கார், அவரும் ராத்திரி முழுக்கத் தூங்காம ஆடுறார், அவரைப் பார்த்தும் நாம சிரிக்கலாம். ட்ரோல் பண்றவர் அப்படி இல்லை. அவர் முகம் தெரியாது, மேடை ஏற மாட்டார், வியர்வையும் கிடையாது.

கையில் வச்சுக்க மூணு கேள்வி

அடுத்த தடவை ஒரு படமோ சீரியலோ பார்த்துட்டு "இது கேம்ப்பா, மொக்கையா, வேற எதுவுமா?" என்று சந்தேகம் வந்தா, இந்த மூணையும் வரிசையா கேட்டுப் பாருங்க.

1. ஆசை இருக்கா? யாராவது ஒருத்தர், நடிகரோ இயக்குநரோ ஆர்ட் டைரக்டரோ, தன் சக்திக்கு மேல முயற்சி பண்ணியிருக்காரா? இல்லைன்னா மொக்கை. சேனலை மாத்துங்க.

2. கிளிப் ஆனது எங்கே? பணத்திலா, தொழில்நுட்பத்திலா, காலம் கடந்ததாலா, இல்லை நம்ம கண்ணிலா? கடைசி விடை வந்தா, அது யாருக்காக எடுக்கப்பட்டது என்று ஒரு தடவை யோசிங்க. 'பாகுபலி' ரெண்டாம் பாகத்தில் பனைமரத்தை வளைச்சு ஆட்களைக் கோட்டைக்குள்ள எறிவாங்களே, அதை விழுந்து விழுந்து சிரிச்சுப் பார்த்தவங்களும் உண்டு, விசில் அடிச்சவங்களும் உண்டு. நீங்க எந்தப் பக்கம்?

3. நீங்க சிரிக்கும்போது அந்த ஆள் எதிரில் இருந்தா, அவரும் சேர்ந்து சிரிக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமா சிரிங்க, நீங்க கட்டியக்காரன் கட்சி. முடியாது என்றால் நீங்க ரசிச்சது படத்தை இல்லை.

இந்த வார இறுதியில் ஆரம்பிக்கணும் என்றால் என் சிபாரிசு: முதலில் 1986 'விக்ரம்', பிறகு 'கலை அரசி'. தனியா பார்க்காதீங்க, ஹாஸ்டலில் ஒரு ரூம் நிறைய ஆளைச் சேர்த்துக்குங்க. முடிஞ்சா வீட்டில் ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வச்சுப் பாருங்க. நீங்க சிரிக்கிற இடத்தில் அவங்க சிரிக்கலைன்னா, ஏன்னு கேளுங்க. அவங்க சொல்ற பதில் படத்தைவிட நல்லா இருக்க வாய்ப்பு அதிகம்.